பள்ளியைத் தேர்ந்தெடுப்பது யார்?

சிலியின் ராணுவ ஆட்சியாளர் பினோசே 1980களின் தொடக்கத்தில் கல்வித் துறையில் இரண்டு மாற்றங்களை ஒருசேரக் கொண்டுவந்தார். அரசுப் பள்ளிகள் கல்வி அமைச்சகத்திடமிருந்து நகராட்சிகளுக்குக் கைமாறின. பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் வருகிறார்களோ அதற்கேற்ப மானியம் என்ற ஏற்பாடு அரசுப் பள்ளிகளோடு தனியார் பள்ளிகளுக்கும் வந்தது. பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் முன்வைத்த யோசனையின் நாடு தழுவிய வடிவம் இது. பிள்ளைகளை இழக்கும் பள்ளி தானாகவே திருந்தும் என்று எதிர்பார்த்தார்கள்.

புதிய தனியார் பள்ளிகள் மளமளவென முளைத்தன. பத்தில் எட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்த நாட்டில், 2010களில் நான்கு பேர்கூட அங்கே மிஞ்சவில்லை. ஆனால், கற்றல் மேம்பட்டதா? ஷே, உர்கியோலா என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டின் சராசரித் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளைவிட்டு வெளியேறியதுதான் தெளிவாகத் தெரிந்தது.

காரணம் பள்ளி வாசலிலேயே இருந்தது. மழலையர் வகுப்புக்கே சில பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைத்தன. பெற்றோரை நேர்காணல் செய்தன. வருமானச் சான்றிதழும், தேவாலயத்தில் மணம் முடித்ததற்கான சான்றிதழும் கேட்டன. மானியம் பெறும் தனியார் பள்ளிகள் பெற்றோரிடம் கட்டணமும் வாங்கலாம் என்ற விதி 1993இல் விரிவடைந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு என்று சட்டம் சொன்னது. நடைமுறையில் பள்ளிதான் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது.

பள்ளிகளை நகராட்சிகளிடம் ஒப்படைத்த அதிகாரப் பரவலும் இப்படித்தான் ஆனது. தலைநகர் சாந்தியாகோவின் செல்வந்த நகராட்சியான லாஸ் கோன்தேஸ் தன் வருவாயிலிருந்து பள்ளிகளுக்குக் கூடுதலாகச் செலவிட முடியும். ஏழைகள் வாழும் லா பின்தானாவால் முடியாது. பிள்ளைகள் குறைந்தால் மானியம் குறையும், ஆசிரியர் சம்பளமும் கட்டடச் செலவும் அப்படியே நிற்கும். பணத்தைத் தராமல் பொறுப்பை மட்டும் கீழே தள்ளிவிடுவதை அதிகாரப் பரவல் என்று ஏற்க முடியாது.

இந்த ஏற்றத்தாழ்வைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் மாணவர்கள். கருநீல, வெள்ளைச் சீருடையால் ‘பென்குயின்கள்’ எனப்பட்ட பள்ளி மாணவர்கள் 2006இல் திரண்டார்கள். 2011இல் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து நாட்டையே உலுக்கினார்கள். 2015இல் வந்த சட்டம் மானியப் பள்ளிகளில் லாப நோக்கத்துக்குத் தடை போட்டது. கட்டணத்தையும் மாணவரை வடிகட்டுவதையும் படிப்படியாக நிறுத்தியது. இப்போது பெற்றோர் விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்தி இணையத்தில் பதிகிறார்கள். இடம் போதாத பள்ளியில் உடன்பிறந்தோர், ஏழைப் பிள்ளைகள் உள்ளிட்டோருக்கு முன்னுரிமை, மற்றவர்களுக்குக் குலுக்கல். பெற்றோரின் தெரிவுரிமை அப்படியே இருக்கிறது, பள்ளியின் வடிகட்டும் உரிமைதான் பறிபோனது. இந்தச் சீர்திருத்தத்தின் உயிர்நாடி அதுதான்.

நிர்வாகத்தைச் சரிசெய்வது அவ்வளவு எளிதாக இல்லை. 345 நகராட்சிகளிடமிருந்து 70 வட்டார அமைப்புகளுக்குப் பள்ளிகளை மாற்ற 2017இல் சட்டம் வந்தது. ஆனால், அப்படி மாறிய அட்டகாமா பகுதியில், 2023இல் பழுதடைந்த கட்டடங்களைக் கண்டித்து ஆசிரியர்கள் இரண்டு மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டமும் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25% இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குகிறது, வடிகட்டலைத் தடுக்கிறது. ஆனால், அந்த இடங்களுக்கு அரசு தரும் பணம் உரிய காலத்தில் வர வேண்டும். ஒன்றிய அரசின் நிதி தாமதத்தால் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கான இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. பள்ளிகள் ஜூனிலேயே திறந்துவிட்டன. கட்டணம் கட்ட வழியில்லாத பெற்றோரால் அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது.