சாட்சி சொல்ல வருபவருக்கு யார் துணை?

2000 டிசம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கொன்று புதைக்கப்பட்டார்கள். தப்பிப் பிழைத்த ஒருவரின் சாட்சியமே அந்த வழக்குக்கு உயிர் கொடுத்தது. இராணுவச் சிப்பாய் ஒருவருக்கு மரண தண்டனை விதித்துக் கொழும்பு மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015 ஜூனில். இடையில் பதினான்கரை ஆண்டுகள், போரின் கொடிய கட்டங்கள். 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் குற்றவாளி வெளியே வந்துவிட்டார்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவி, பாதுகாப்பு அளிக்கும் சட்டம் இலங்கையில் நிறைவேறியது அந்தத் தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்னர்தான். 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டமும் வந்தது. விசாரணையின் நிலையை அறியும் உரிமை, மருத்துவ உதவி, இழப்பீடு, வேறிடத்திலிருந்து காணொளி வழியே சாட்சியமளிக்கும் வசதி எல்லாம் எழுத்தில் இருக்கின்றன.

நெடுந்தீவில் தாக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இதில் எது எட்டும்? ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு வர அவர் விடியவே படகேறி, குறிகட்டுவானில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். வந்த பிறகுதான் வழக்கு வேறு தவணைக்குப் போட்டாச்சு என்று தெரியவரும். பிணையில் வந்த எதிரி அதே விறாந்தையில் நிற்பார். திரும்பும் படகிலும் இருக்கலாம். அன்றைய கூலியும் போய்விடும். இப்படி நாலு தவணை அலைந்தவர் சமாதானமாகப் போய்விட்டால், அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் ட்ரயல் அட்பார் தீர்ப்பாயம் யாழ்ப்பாணத்திலேயே அமர்ந்தது. 2015 மே மாதக் கொலைக்கு 2017 செப்டெம்பரில் தீர்ப்பு. ஏழு பேருக்கு மரண தண்டனை. ஊரே தெருவில் இறங்கியதால் வந்த வேகம் அது. யாரும் ஊர்வலம் போகாத வழக்குகளுக்கு அந்த வேகம் வாய்ப்பதில்லை.

சாட்சிகளின் பாதுகாப்புக்கென அந்தச் சட்டம் அமைத்த அதிகாரசபை கொழும்புப் பக்கம் இருக்கிறது. அதன் கையாக இயங்குவது பொலிஸ் பிரிவு. முறைப்பாடே பொலிஸார் மீதோ படையினர் மீதோ என்றால், எந்தத் தாய் அங்கே போய்ப் பாதுகாப்புக் கேட்பாள்? இங்கிலாந்தில் குற்றவியல் நீதிமன்றங்களுக்கு வரும் சாட்சிகளுக்குப் பயிற்சிபெற்ற தொண்டர்கள் துணையிருக்கிறார்கள். நீதிமன்ற அறையை முன்கூட்டியே காட்டி நடைமுறையை விளக்குகிறார்கள். அவர்கள் பொலிஸார் அல்லர்.

நீதியமைச்சிடம் கேட்பது பெரிதில்லை. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை நீதிமன்றங்கள் ஒவ்வொன்றிலும் பொலிஸ் சாராத, தமிழ் பேசும் ஒரு துணை அலுவலரை அமர்த்துங்கள். சாட்சிகளுக்குத் தனி அறை ஒதுக்குங்கள். படகுக்கும் பஸ்ஸுக்குமான காசை அன்றைக்கே கையில் கொடுங்கள். தவணை மாறினால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லுங்கள்.