குளத்தில் இறங்காத கப்பல்

மணவூர் ரயிலடியில் அரக்கோணம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஆத்திரத்தோடு ஆரம்பித்தான்: "அண்ணா, நம்ம சத்யஜித் ராய் கதையை அமெரிக்காக்காரன் திருடிட்டான்!"

இந்தப் புலம்பலை நான் நெடுநாளாகக் கேட்டு வருகிறேன். ராய் 1962-ல் 'சந்தேஷ்' பத்திரிகையில் வேற்றுக்கிரகவாசியைப் பற்றி ஒரு கதை எழுதினார். 1967-ல் அதே கருவிலிருந்து 'தி ஏலியன்' என்ற திரைக்கதை பிறந்தது. வங்காளக் கிராமத்துத் தாமரைக் குளத்தில் ஒரு கப்பல் இறங்குகிறது. ஜனங்கள் அதைக் கோவில் என்று கும்பிடுகிறார்கள். கொலம்பியா கம்பெனி எடுப்பதாக இருந்தது. பீட்டர் செல்லர்ஸ் நடிப்பதாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. 1982-ல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்தது. அமெரிக்காவில் உலவிய தம் திரைக்கதைப் பிரதிகள் இல்லாமல் அது பிறந்திருக்காது என்றார் ராய். ஸ்பீல்பெர்க் மறுத்தார்.

அந்த விவகாரம் எப்படியாவது போகட்டும். என் ஆட்சேபம் வேறு. அந்தக் கதைக்கு ஹாலிவுட் எதற்கு? வேண்டியது ஒரு குளம், ஒரு சிறுவன், ஒரு விசித்திர விருந்தாளி. அடுத்த ஸ்டேஷனான திருவாலங்காட்டில், பேயுருக் கொண்ட காரைக்கால் அம்மையாரைக் கைகூப்பித் தொழுகிற ஜனங்களுக்கு விசித்திர உருவம் புதிதா?

பணம் இல்லை என்பீர்கள். 1963-லேயே 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் வந்து, பாட்டுக் கற்பதற்காகப் பானுமதியைத் தூக்கிப் போனார்கள். படம் எப்படியிருந்தால் என்ன? துணிந்து எடுத்தார்கள்! ராயே 1969-ல் 'கூபி காயின் பாகா பாயின்' படத்தில் பேய்களை ஆடவிட்டார். வண்ணத்துக்குப் பணம் போதவில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்து, கடைசிக் காட்சிக்கு மட்டும் வண்ணம் பூசினார். வங்காளம் கொண்டாடியது. பேய்க்கு உள்ளூர்ப் பணம் போதுமாம். வானத்து விருந்தாளிக்கு மட்டும் டாலர் வேண்டுமாம்! ராயிடம் எனக்குள்ள பக்தி குறையாமலே சொல்கிறேன்: அது அந்த மேதையின் பிசகு.

திருடு போனதென்று அழுவது சுலபம். செய்யாமல் விட்டதை ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம்.

"தம்பி, நீயும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சந்திரனுக்குப் போகிற கதை எழுதி வைத்திருக்கிறாயே, அது என்ன ஆயிற்று?"

"நல்ல கம்பெனி கிடைக்கணும் அண்ணா."

வண்டி வந்துவிட்டது. அவன் சட்டைப் பையில் காமிரா உள்ள டெலிபோன் துருத்திக்கொண்டிருந்தது. ஊரில் குளமும் இருக்கிறது.