குளவி வந்தது, கணக்கும் வர வேண்டும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி முக்கியமான பணப்பயிர். ஒன்பது, பத்து மாதம் நிலத்தில் நின்று விளையும் இந்தக் குச்சிக்கிழங்கை வெட்டிய இரண்டு, மூன்று நாட்களுக்குள் சேகோ ஆலைக்குச் சேர்த்தாக வேண்டும். தாமதித்தால் கிழங்கு கெடும், மாவும் குறையும். நிலத்தில் விவசாயி படும் பாடும் ஆலையில் கிடைக்கும் விலையும் இவ்வளவு நெருங்கிய பயிர்கள் குறைவு. பல்கலைக்கழக ஆராய்ச்சி எந்த அளவுக்கு வயலுக்கும் ஆலைக்கும் போய்ச் சேருகிறது என்பதை அளந்து பார்க்க மரவள்ளி நல்ல உரைகல் எனலாம்.

2008-ஆம் ஆண்டு கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பல பயிர்களில் பரவியது. மேலே வெள்ளை மெழுகுப் படலம் இருப்பதால் மருந்து உள்ளே இறங்குவதில்லை. திரும்பத் திரும்பத் தெளித்தும் பூச்சி அடங்கவில்லை, செலவுதான் ஏறியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து இந்தப் பூச்சியை மட்டுமே தாக்கும் சிறிய ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டது. அதைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டதும் பல இடங்களில் சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது.

பத்தாண்டு கழித்து மரவள்ளிக்கே உரிய வேறொரு மாவுப்பூச்சி வந்தது. 2020-இல் கேரளத்தில் முதலில் காணப்பட்ட அது விரைவில் சேலம், நாமக்கல் வயல்களுக்கும் பரவியது. இதன் வரலாறு பழையது. 1970-களில் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவான மரவள்ளியை அழித்த பூச்சி இதுதான். பூச்சியின் தாயகமான தென் அமெரிக்காவில் தேடியபோது, பராகுவே நாட்டில் அதன் இயற்கை எதிரியான ஒரு குளவி கிடைத்தது. 1981 முதல் ஆப்பிரிக்க நாடுகளில் அந்தக் குளவி விடப்பட்டது. அந்தப் பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெர்ரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவி பெனின் நாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்து, 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விடப்பட்டது.

ஒரு கண்டத்தில் கண்டது மற்றொரு கண்டத்தைக் கடந்து ஏத்தாப்பூர் வரை வந்துவிட்டது. இனி அது ஏத்தாப்பூரிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் போய்ச் சேர வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

விதை நடக்கும், குளவிக்குத் துணை வேண்டும்

நல்ல விதை ஒருவர் வயலில் விளைந்தால் அடுத்தவர் கேட்டு வாங்கிக் கொள்வார். 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 நெல் அப்படித்தான் பரவியது. திருச்சி வானொலி அதைப் பற்றி இடைவிடாது சொன்னதால் மக்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். விதைக்குள்ளேயே பாதி ஆராய்ச்சி அடங்கியிருந்தது. மீதிப் பாதியை வானொலி கொண்டு சேர்த்தது.

குளவியின் செய்தி வேறு. ஒருவர் வயலில் விட்ட குளவி பக்கத்து வயலுக்குப் பறக்கும். அங்கே கடும் பூச்சிமருந்து தெளித்திருந்தால் மாவுப்பூச்சி தப்பும், குளவி சாகும். குளவி முட்டையிட்ட மாவுப்பூச்சி பழுப்பு நிறத்தில் உப்பி, இறுகிக் கிடக்கும். அதற்குள் அடுத்த தலைமுறைக் குளவி வளர்ந்து கொண்டிருக்கிறது என்று தெரியாதவர் அதையும் நோய் என்று எண்ணி மருந்து அடிப்பார். ஆகவே இங்கே ஒரு விவசாயிக்கு மட்டும் விவரம் தெரிந்தால் போதாது. ஒரு மண்டலத்தில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

விவசாயிக்கு இவ்வளவு விளக்கம் எதற்கு, எதைச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்போர் உண்டு. மருந்து தெளிக்காதீர்கள் என்று காரணம் சொல்லாமல் சொன்னால், கண் முன்னே குருத்து சுருண்டு நிற்கும்போது எந்த விவசாயியும் கையைக் கட்டிக் கொண்டிருக்க மாட்டார். கடைக்காரர் சொல்லும் மருந்தை வாங்கத்தான் செய்வார். காரணம் தெரிந்தவரே பொறுத்திருப்பார். பரிந்துரை மட்டும் போதாது. அதன் காரணமும் கொடுக்கப்பட வேண்டும்.

பாயிண்ட் யார் கையில்?

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் செய்தி ஒன்று உண்டு. ஆலைகள் மரவள்ளிக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் கணக்கில் விலை போடுகின்றன. இந்தக் கணக்கின் அடிப்படை எளியது. மாவு நீரைவிடக் கனமானது. ஆகவே குறிப்பிட்ட எடையுள்ள கிழங்கைத் தண்ணீருக்குள் மூழ்கவிட்டு எடை போட்டால், மாவு மிகுந்த கிழங்கு கூடுதல் எடை காட்டும். நீர் மிகுந்த கிழங்கு குறைவாகக் காட்டும்.

அளவை எளியது என்றாலும் அது பெரும்பாலும் ஆலை வாசலில்தான் நடக்கிறது. விவசாயி வண்டி வாடகையும் வெட்டுக்கூலியும் கொடுத்துவிட்டு அங்கே போய் நிற்கும்போது, கிழங்கைத் திருப்பி எடுத்து வர வழியில்லை. 28 பாயிண்ட் உள்ள கிழங்கு 26 என்று எழுதப்பட்டால் வருமானத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் போய்விடும். பத்து டன் ஏற்றியவருக்கு அது 700 கிலோ கிழங்கை விலையின்றிக் கொடுத்ததற்குச் சமம். அதே சமயம் எல்லாக் குறைவும் ஆலையின் சூழ்ச்சியும் அல்ல. முதிராமல் வெட்டிய கிழங்கிலும், மழைக்குப் பின் புதுத் துளிர் விட்ட செடியின் கிழங்கிலும், வெட்டிய பின் வெயிலில் கிடந்த கிழங்கிலும் மாவு உண்மையாகவே குறையும். தேமல் நோய் கண்ட செடியில் விளைச்சலே குன்றும். எது உண்மைக் குறைவு, எது கணக்குக் குறைவு என்று பிரித்தறிய விவசாயியிடம் அளவை இல்லை என்பதுதான் குறை.

ஆராய்ச்சி நிலையத்தில் உள்ள இந்த அளவை கிராமத்துக்கு வர வேண்டும். ஊருக்கு ஒரு தராசும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் போதும். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இதை வாங்கி வைக்கலாம். சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்கள் அளக்கும் முறையைக் கற்றுத் தரலாம். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன் நான்கைந்து செடிகளைப் பிடுங்கி அளந்து பார்த்தால், இப்போது வெட்டலாமா, காத்திருக்கலாமா என்பதை விவசாயியே முடிவு செய்வார். ஆலைக்காரருக்கும் இதில் நட்டமில்லை. முதிர்ந்த, மண் நீக்கிய கிழங்கு உரிய நேரத்தில் வரும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் காக்க ஆலையும் வயலும் ஒரே அளவையில் பேச வேண்டும்.

வயலிலிருந்தும் சேதி போக வேண்டும்

பகிர்தல் ஒருவழிப் பாதை ஆகாது. குளவி விட்ட இடத்தில் அது நிலைத்ததா, எந்த மாதத்தில் பூச்சி மீண்டும் ஏறியது, தேமல் இல்லாத செடியில் எடுத்த விதைக் குச்சி அடுத்த பருவத்தில் எப்படி வந்தது என்பதையெல்லாம் முதலில் காண்பவர் விவசாயியே. வெற்றியைப் போலவே தோல்வியும் நிலையத்துக்குத் தெரிய வேண்டும். தோல்வியைச் சொல்லும் விவசாயியைக் குறை கூறுபவர் என்று எண்ணாமல், அடுத்த ஆராய்ச்சிக்குக் கேள்வி கொண்டு வருபவர் என்று மதிப்பது விஞ்ஞானிகளின் கடமை.

பல்கலைக்கழக ஆராய்ச்சி மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. அதன் முடிவு ஆய்விதழில் அச்சானதும் வேலை முடிந்தது என்று கருதக் கூடாது. இரண்டு ஏக்கர் மரவள்ளி வைத்திருப்பவர் தம் வயலில் உப்பிக் கிடக்கும் பழுப்புப் பூச்சியைப் பார்த்து மருந்தை நிறுத்தும் நாளிலும், தம் கிழங்கின் பாயிண்டைத் தாமே அளந்து விலை பேசும் நாளிலும்தான் அந்த ஆராய்ச்சி முழுமை பெறும். அடுத்த அறுவடைக்கு முன் ஒவ்வொரு குழுவும் ஒரு தராசு வாங்குவதில் இதைத் தொடங்கலாம்.