பழைய வில்லையை என் செய்வது?

புதிய கமரா வில்லை வாங்கியோர், பழையதை வைத்திருப்பதா, விடுப்பதா என வினவுவர். கெனன் நிறுவனம் 1990இல் வெளியிட்ட மலிவான 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையின் எடை 130 கிராமே. விலைமிக்க எஃப் 1.4 வில்லை அதனினும் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான ஒளியை ஏற்கும், அவ்வளவே. ஆதலின் பழையது பயனற்றதாகிவிடவில்லை.

ஆயின், பெட்டியில் பூட்டிவைத்தல் பேணுதலாகாது. எமது லிங்கநகரின் கடற்காற்று ஈரம் மிக்கது. இருளும் ஈரமும் சேரின் வில்லையில் பூஞ்சணம் படர்ந்து கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். திறவாத பெட்டிகளில் ஏட்டுச்சுவடிகள் செல்லரித்தமை தமிழர் அறிந்ததன்றோ?

உவர்நீர் தெறிக்கும் துறைமுகக் கரைக்குப் புதியதைக் கொண்டுசெல்ல அஞ்சுவோர் பழையதை வைத்துக்கொள்க. ஏனையோர், அது பொருந்தும் கமராவுடன் படம்பிடிக்கப் பழகும் மாணாக்கர் ஒருவருக்கு இன்றே கொடுத்துவிடுக.