ஸ்வெட்டர் விக்கிறவங்க எங்கேருந்து வந்தாங்க?

போளூர்னு சொன்னதும் திருவண்ணாமலைப் பக்கம் போயிடாதீங்க பாஸ். அது வேற போளூர். நான் சொல்றது பழநி மலைமேல, கூக்கால், கவுஞ்சி, பூண்டியெல்லாம் இருக்கிற பக்கம். கொடைக்கானல் தாலுகா. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையுற, மே மாசத்துலயும் ராத்திரி ரெண்டு போர்வை கேக்குற ஊர். அங்கே ஸ்வெட்டர்ங்கிறது ஃபேஷன் இல்லை, ரேஷன் அரிசி மாதிரி அத்தியாவசியம்.

அந்த ஸ்வெட்டரை கொடைக்கானல்ல யார்கிட்ட வாங்குறோம்? 'நேபாளிக் கடை'ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். நீங்களும் காலேஜ் டூர்ல கொடைக்கானலோ ஊட்டியோ போனப்ப அப்படித்தானே சொன்னீங்க? அவங்கள்ல நிறைய பேர் நேபாளி கிடையாது. திபெத்தியர்கள். 1959 மார்ச்ல தலாய் லாமா எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார். அவர் பின்னால சுமார் 80,000 பேர் வந்தாங்க. வந்தவங்களுக்கு முதல்ல கிடைச்ச வேலை இமயமலை ரோடு போடுறது. அப்புறம் மைசூர் மாநிலம் பைலக்குப்பேயில இடம் கொடுத்துச்சு. மக்காச்சோளம் போட்டாங்க. குளிர்காலத்துல ஊர் ஊரா ஸ்வெட்டர் வித்தாங்க.

போன லீவுல கடை போட்டிருந்த ஒரு அக்காகிட்ட பேச்சுக் கொடுத்தேன். நல்லா தமிழ் பேசுறாங்க. அப்பாவோட அண்ணன் ஜெயிலுக்குப் போனவர், திரும்பி வரலைன்னு சொன்னாங்க. "எதுக்குக்கா ஜெயில்?"னு கேட்டேன். "சாமியாரா இருந்தார்"னு சொல்லிட்டு, அடுத்து வந்தவருக்கு மங்கி கேப் எடுத்துக் காட்டப் போயிட்டாங்க.

சாமியாரா இருந்ததுக்கு ஜெயிலா? அந்தக் கேள்வியோட தேட ஆரம்பிச்சதுதான் இந்த வாரப் பக்கம்.

முதல்ல கிடைச்ச பேர் பால்டன் கியாட்சோ. திரேபுங் மடத்துத் துறவி. 1959 எழுச்சிக்கு அப்புறம் பிடிச்சாங்க. அவர் மேல இருந்த கோபத்துக்கு ஒரு காரணம் என்ன தெரியுமா? அவரோட குரு இந்தியர். 'உன் குரு இந்திய உளவாளி'ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுன்னு கேட்டாங்க. இவர் மாட்டேன்னார். ஏழு வருஷம் தண்டனை. நடுவுல தப்பிச்சு ஓடி, எல்லைக்குப் பக்கத்துல மாட்டினார். இன்னும் எட்டு வருஷம். அந்தத் தண்டனை முடிஞ்சும் வீட்டுக்கு விடலை, உழைப்பு முகாம்லயே இருன்னாங்க. 1983-ல போஸ்டர் ஒட்டினார்னு திரும்பவும் ஜெயில். கூட்டிக் கழிச்சுப் பார்த்தா 33 வருஷம்! 1992-ல வெளிய வந்தப்ப அவருக்கு அறுபது வயசு நெருங்கியிருந்துச்சு.

பஞ்ச காலத்துல அந்த முகாம்கள்ல கைதிகளை மாட்டுக்குப் பதிலா ஏர்ல பூட்டியிருக்காங்க. பசிக்கு செருப்புத் தோலை மென்னிருக்காங்க. 1990-ல ஒரு அதிகாரி மின்சாரத் தடியை அவர் வாய்க்குள்ளயே வெச்சதுல பல்லெல்லாம் போச்சு. நாம லேப்ல கைல லேசா ஷாக் அடிச்சாலே ஒரு வாரம் அதையே கதையா சொல்றோம். மனுஷன் என்ன பண்ணினார்னா, விடுதலையானதும் லஞ்சம் கொடுத்து அதே மாதிரி தடி, கைவிலங்கெல்லாம் வாங்கி, மூட்டைக்குள்ள வெச்சு எல்லை தாண்டிக் கொண்டு வந்துட்டார். சாட்சி! 1995-ல ஜெனீவாவுல ஐ.நா. மனித உரிமை ஆணையத்துல போய்ப் பேசினார். 2018 நவம்பர்ல தர்மசாலாவுல இறந்தார்.

இந்த முகாம் முறைக்கு சீனாவுல 'லாவோகாய்'னு பேர். உழைப்பின் மூலம் திருத்துதல்னு அர்த்தம். சோவியத்தோட குலாக் முகாம்களைப் பார்த்து, 1949-க்கு அப்புறம் கட்டினது. கேக்க நல்லாத்தான் இருக்கு, இல்ல? நடைமுறை வேற. பகல்ல சுரங்கம், செங்கல் சூளை, வயல். ராத்திரி படிப்பு வகுப்பு. படிப்புன்னா, உன் தப்பை நீயே எழுதணும், பக்கத்துல இருக்கிறவன் தப்பையும் எழுதணும். எவ்வளவு வேலை முடிச்சியோ அந்த அளவுக்குத்தான் சாப்பாடு. நம்ம கணக்குல யோசிங்க: சாப்பாடு குறைஞ்சா உடம்பு தேயும், உடம்பு தேய்ஞ்சா வேலை குறையும், வேலை குறைஞ்சா சாப்பாடு இன்னும் குறையும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல பாசிட்டிவ் ஃபீட்பேக்னு வரைவோமே, அந்த லூப்பை மனுஷன் வயித்துல மாட்டியிருக்காங்க.

இதுல மாட்டினவங்க துறவிங்க மட்டும்தானான்னா, இல்லை. ஹாரி வூ பத்திப் படிச்சப்பதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் போச்சு. பீஜிங்ல ஜியாலஜி படிச்ச பையன். 1957-ல மாவோ, 'நூறு பூக்கள் மலரட்டும், எல்லாரும் மனசுல பட்டதைச் சொல்லுங்க'ன்னார். இவரும் நம்பிச் சொன்னார். ஹங்கேரிக்குள்ள சோவியத் படை போனது தப்புன்னு. அப்ப அவருக்கு வயசு இருபது. என் வயசு! கொஞ்ச நாள்லயே காத்து திசை மாறிடுச்சு. பேசினவங்களுக்கெல்லாம் 'வலதுசாரி'ன்னு முத்திரை. அரசாங்கக் கணக்குப்படியே சுமார் ஐந்தரை லட்சம் பேர் அந்த முத்திரை வாங்கினாங்க. வூவை 1960-ல கூட்டிட்டுப் போனாங்க. கோர்ட் இல்லை, வக்கீல் இல்லை. 1979-லதான் விட்டாங்க. பத்தொன்பது வருஷம். பஞ்சத்துல எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வெச்ச தானியத்தைத் திருடித் தின்னு பிழைச்சிருக்கார்.

அதுக்கப்புறம் செஞ்சதுதான் ஹைலைட். அமெரிக்கா போய் செட்டில் ஆனவர், 1991-ல வியாபாரி மாதிரி வேஷம் போட்டு, ஒளிச்சு வெச்ச கேமராவோட அதே சீனாவுக்குத் திரும்பப் போனார். முகாம்ல செஞ்ச சரக்கு எப்படி வெளிநாட்டுக்கு ஏத்துமதி ஆகுதுன்னு படம் எடுத்து டி.வி-யில போட்டுக் காட்டினார். 'லாவோகாய்'ங்கிற பேரை 1994-ல சீன அரசு சட்டத்துலேருந்து எடுத்துட்டு 'சிறை'ன்னு மாத்துச்சு. விசாரணையே இல்லாம போலீஸே நாலு வருஷம் வரைக்கும் உள்ள தள்ளலாம்ங்கிற இன்னொரு முறை 2013 கடைசி வரைக்கும் ஓடுச்சு.

கம்போடியாவுல ஒரு ஹைஸ்கூலையே சித்ரவதைக்கூடமா மாத்தினாங்க, 1975-லேருந்து 79 வரைக்கும். வட கொரியாவுல தாத்தா பண்ணின தப்புக்குப் பேரனும் முகாம். 80,000-லேருந்து 1,20,000 பேர் அரசியல் கைதிங்க இருக்கலாம்னு 2014-ல ஐ.நா. விசாரணைக் குழு சொல்லுச்சு. அதெல்லாம் தனித்தனியா எழுத வேண்டிய கதை.

இப்ப ஒரு பாட்டு விஷயம் சொல்றேன். லாசாவுல திராப்சி ஜெயில். 1993-ல உள்ள இருந்த 14 பெண் துறவிங்க, கடத்தி வந்த ஒரு டேப் ரெக்கார்டர்ல ரகசியமா பாட்டுப் பாடிப் பதிவு பண்ணினாங்க. வீட்டுக்கும் ஊருக்கும் சேதி சொல்ற பாட்டு. கேசட் வெளிய போயிடுச்சு. பாட்டுக்குக் கிடைச்ச பரிசு, ஆளாளுக்கு அஞ்சுலேருந்து ஒன்பது வருஷம் கூடுதல் தண்டனை. அதுல ஒருத்தர் ஙவாங் சங்ட்ரோல். முதல் தடவை அவரைப் பிடிச்சப்ப வயசு பதிமூணு. எட்டாங்கிளாஸ் வயசு! 2002-லதான் விடுதலை. நாம ஹாஸ்டல்ல ராத்திரி பத்து மணிக்கு மேல பாடினா வார்டன் திட்டுறார்னு நோட்டீஸ் போர்டுல கவிதை எழுதுறோம்.

இதையெல்லாம் ரூம்ல சொன்னப்ப, தோழர் கட்சிக்காரனான என் ரூம்மேட்டுக்குச் சுருக்குனு கோபம். "1950 பிப்ரவரி 11-ல சேலம் ஜெயில்ல 22 கம்யூனிஸ்ட் கைதிங்களைச் சுட்டுக் கொன்னது யாருடா? மலாயா கணபதியைத் தூக்குல போட்டது யாரு? 1962 சண்டை முடிஞ்சதும் இந்தியாவுல பிறந்து வளர்ந்த சீனர்களைக் குடும்பம் குடும்பமா ராஜஸ்தான் தேவ்லி முகாமுக்கு ரயில் ஏத்தினது யாரு?"ன்னு வரிசையா அடுக்கினான். எல்லாமே நிஜம். ஒண்ணைக்கூட மறுக்க முடியாது. தேவ்லி பத்தி எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும்.

ஆனா ஒண்ணு கேட்டேன். சேலத்துல செத்தவங்களுக்கு வருஷா வருஷம் கூட்டம் போட்டு மாலை போடுறீங்கல்ல? லாசாவுல, வீட்டுக்குள்ள தலாய் லாமா போட்டோ வெச்சிருந்தாலே பிரச்னை. செத்தவனுக்கு அழறதுக்கும் பர்மிஷன் வேணும்னா எப்படிடா? அவன் பதில் சொல்லலை. மெஸ்ஸுக்கு மட்டும் சேர்ந்துதான் போனோம்.

அவன் பாயின்ட் எனக்கு உறைச்சது அதுக்கப்புறம், டென்சின் சுண்டுவே பத்திப் படிச்சப்ப. நம்ம சென்னை லயோலா காலேஜ் ஸ்டூடன்ட் இவர்! இந்தியாவுல பிறந்த திபெத்தியர், கவிஞர். டிகிரி முடிச்சதும் 1997-ல, பார்க்காத சொந்த நாட்டைப் பார்க்கணும்னு லடாக் வழியா தனியா நடந்தே திபெத்துக்குள்ள போயிட்டார். பிடிச்சு லாசா ஜெயில்ல மூணு மாசம் வெச்சு, இந்தியாவுக்குத் தள்ளிவிட்டாங்க. 2005-ல சீனப் பிரதமர் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-க்கு வந்தப்ப, அந்தக் கட்டடத்து டவர் மேலயே ஏறிக் கொடி காட்டினார். நெத்தியில எப்பவும் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்பார். திபெத்துக்கு விடுதலை கிடைக்கிற வரைக்கும் கழட்ட மாட்டாராம்.

2019 அக்டோபர்ல மாமல்லபுரத்துக்கு சீன அதிபர் வந்தார், ஞாபகம் இருக்கா? வெள்ளை வேட்டியில மோடி, இளநீர், அர்ஜுனன் தபசு. அந்த வாரம் டி.வி. முழுக்க அதுதான். அதுக்குச் சில நாள் முன்னாடி, விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பத்துல சுண்டுவேயைப் பிடிச்சு உள்ள வெச்சாங்க. சென்னையில படிச்சிட்டிருந்த திபெத்திய ஸ்டூடன்ட்ஸையும் பிடிச்சாங்க. கிண்டியில அதிபர் தங்கின ஓட்டல் வாசல்ல கொடியோட நின்னவங்களை இழுத்து வேன்ல ஏத்தினது வீடியோவா வந்துச்சு. விருந்தாளி போனதும் விட்டுட்டாங்க. மூணு மாசமும் இல்லை, முப்பத்துமூணு வருஷமும் இல்லை, சரி. ஆனா அந்த ஸ்டூடன்ட்ஸ் இடத்துல நான் இருந்தா, எதிர்க்க வந்த போலீஸ்காரர் தமிழ்ல பேசுறதை நினைச்சு ஆறுதல் பட்டிருப்பேனான்னு தெரியலை.

கடைசியா ஒரு கடைக்காரர் கதை. தாஷி வாங்சுக். திபெத்திய மொழியில பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துங்கன்னு கேட்டார். அவ்வளவுதான். 2015-ல நியூயார்க் டைம்ஸ் வீடியோவுல முகத்தை மறைக்காம வந்து பேசினார். 2016 ஜனவரியில பிடிச்சாங்க, பிரிவினையைத் தூண்டினார்னு அஞ்சு வருஷம். 2021 ஜனவரியில வெளிய வந்தார். 1965-ல நம்ம சீனியர்ஸ், அதாவது நம்ம தாத்தா செட், மொழிக்காக ரோட்டுக்கு வந்த கதை நமக்குத் தெரியும். அதனால இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பால்டன் கியாட்சோ எழுதின 'ஃபயர் அண்டர் தி ஸ்நோ' எங்க காலேஜ் லைப்ரரியில இல்லை. ரெஜிஸ்டர்ல எழுதிப் போட்டிருக்கேன். லைப்ரரியன் சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்துட்டு, "எந்த டிபார்ட்மென்ட்டுக்குப்பா இது?"ன்னு கேட்டார். மெக்கானிக்கல்னு சொல்லியிருக்கேன்.