முகாம் தேதிக்கு முந்தைய இரவுகள்

கேள்வி: "மாட்டுக்குப் புல் நறுக்கும்போது மிஷினில் சிக்கி, என் வீட்டுக்காரருக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஐந்து மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை. போன் அடித்தால் திடுக்கிடுகிறார். 'தர மாட்டாங்க, அலையவிட்டுத் துரத்திடுவாங்க' என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கொள்கிறார். அட்டை வாங்குவது எப்படி என்று கேட்கவில்லை. இந்தப் பயத்துக்கு என்ன செய்வது?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: விபத்து நடந்த நாளைவிட, அதற்கப்புறம் ஆபீஸ் வாசலில் நின்ற நாட்கள்தான் கஷ்டமாக இருந்தன என்று சொல்லும் விவசாயிகள் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் ஒருவர் இதே வழியில் நடந்து, ஒருவாறு மீண்டிருக்கிறார். வயது 46. இரண்டரை ஏக்கரில் மணிலாவும் நெல்லும், கொட்டகையில் நான்கு கறவை மாடுகள். வரப்போரமாக கோ-4 தீவனப்புல். அவர் கை போனதும் அதே மிஷினில்தான், அதே மணிக்கட்டில்தான். அவருடைய கதையைச் சொன்னால் வாசகியின் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் மாதம் அவர் தைரியமாகத்தான் இருந்தார். இடது கையால் சாப்பிடப் பழகினார். ஒரு பசுவை இடது கையாலேயே கறந்தும் பார்த்தார். மச்சான் வந்து இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போய் விண்ணப்பத்தைப் பதிவு செய்த பிறகுதான் மனுஷன் மாறிப்போனார். மருத்துவக் குழு முன்னால் நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். 'மாடு கறக்கறியாமே, அப்புறம் உனக்கு எதுக்குய்யா அட்டை' என்று டாக்டர் கேட்பதாக அவரே நினைத்துக்கொண்டார். அதிலிருந்து பால் கறப்பதை நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து யாரிடமாவது சொல்லிவிடுவார் என்று பயந்து, பகலில் கொல்லைப் பக்கம் போவதையும் விட்டார். ஊனம் கையில் இருந்தது. அதை நிரூபித்தாக வேண்டும் என்ற எண்ணம் முழு உடம்பையும் கட்டிப்போட்டுவிட்டது.

இந்தப் பயத்துக்கு முதல் மருந்து தகவல்தான். கை, கால் துண்டிக்கப்பட்டவர்களுக்கு ஊன சதவீதம் எப்படிப் போடப்படுகிறது என்பது மத்திய அரசின் வழிகாட்டுதலில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எந்த இடத்தில் துண்டிக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. மணிக்கட்டோடு போனால் 60 சதவீதம். முழங்கைக்குக் கீழே, ஆனால் மணிக்கட்டுக்கு மேலே போனால் இன்னும் கூடும். கட்டைவிரல் மட்டும் அடியோடு போனால் 30 சதவீதம். ஒருவர் மிச்சமுள்ள கையால் மாடு கறக்கிறாரா, களை எடுக்கிறாரா என்பது இந்தக் கணக்கில் வராது. விழுப்புரத்துக்காரரிடம் இதை முதலில் சொன்னவர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். "நீங்க கறந்தாலும் அறுபதுதான், கறக்காட்டியும் அறுபதுதான் அண்ணே" என்றாராம். மறுநாள் காலையில் அவர் மறுபடி கொட்டகைக்குப் போனார்.

40 சதவீதம் என்ற எண் ஏன் எல்லோர் வாயிலும் அடிபடுகிறது என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி பெரும்பாலான சலுகைகளுக்கு அதுதான் வாசற்படி. இரண்டு குறைபாடு உள்ளவர்கள் இரண்டையும் அப்படியே கூட்டிப் பார்த்துவிட்டு ஏமாறுவது உண்டு. கூட்டல் அப்படி நடப்பதில்லை. ஒருவருக்குக் கையில் 30, காலில் 15 என்றால் மொத்தம் 45 அல்ல. 90-லிருந்து 30-ஐக் கழித்தால் 60. அதை 15-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 10. அதை 30-உடன் சேர்த்தால் 40. இந்தக் கணக்கு தெரியாமல், 'அஞ்சு சதவீதத்தைக் குறைச்சுப் போட்டுட்டாங்க' என்று மாதக்கணக்கில் மனம் வெந்தவர்கள் இருக்கிறார்கள். உண்மையிலேயே குறைத்துப் போட்டிருந்தால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தில் வழி இருக்கிறது. முகாமில் வாங்கும் காகிதத்தோடு எல்லாம் முடிந்துபோவதில்லை.

அடுத்தது, தூக்கம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறவரிடம் 'தைரியமா இருங்க' என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. விழுப்புரத்துக்காரர் வீட்டில் அவர் மனைவி செய்தது எளிய காரியம். பழைய பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கிழித்து ஒரு காகிதக் கட்டு வைத்தார். ராத்திரியில் என்ன பயம் வந்தாலும் அதில் எழுத வேண்டும். அவருக்கு இடது கையில் எழுத வராது, அதனால் அவர் சொல்லச்சொல்ல மகள் எழுதினாள். 'ஆதார் அட்டையில் பழைய விலாசம்.' 'எக்ஸ்ரே படம் எங்கே?' 'டிஸ்சார்ஜ் சம்மரியில் இடது கை என்று தப்பா போட்டிருக்காங்களோ?' காலையில் அதைப் படித்தால் பாதிக்குப் பகலில் பதில் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தார்கள். வலது கை என்று சரியாகவே இருந்தது. ஒரு மாதமாக அந்தக் காகிதம் பீரோவில்தான் கிடந்தது. பயத்தில் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

பதில் இல்லாத மீதிப் பாதியும் இருந்தது. 'பென்ஷன் கிடைக்குமா' என்பது அதில் முதலாவது. இங்கே மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. அட்டை வேறு, உதவித்தொகை வேறு. வருவாய்த் துறை மூலம் மாற்றுத்திறனாளிகளுக்கு வரும் மாதாந்திர உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாய். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் முடிவு செய்வார். சொத்து விவரமும் பார்ப்பார்கள். நிலம் வைத்திருப்பவருக்குத் தள்ளுபடி ஆகவும் வாய்ப்பு உண்டு. அட்டை வந்ததும் பணம் வந்துவிடும் என்று நம்பி இருப்பவருக்குத்தான் இந்தத் தள்ளுபடி பெரிய அடியாக விழும். முன்பே தெரிந்தால் அவ்வளவு வலிக்காது.

விவசாயி கவனிக்க வேண்டிய வேறு இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். சிறு, குறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் அதில் உறுப்பினராக இருந்தால், விபத்தில் உறுப்பு இழந்தவருக்கு நிவாரணம் உண்டு. உழவர் அட்டை வீட்டில் எங்கேயாவது டிரங்குப் பெட்டியில் கிடக்கும், தேடிப் பாருங்கள். இன்னொன்று வங்கிப் பாஸ்புக்கிலேயே இருக்கலாம். மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ 20 ரூபாய் பிடித்திருந்தால், அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீடாக இருக்கக்கூடும். 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஒரு கை போனால் 1 லட்சம் ரூபாய், இரண்டு கைகளும் போனால் 2 லட்சம். விபத்து நடந்து 30 நாட்களுக்குள் வங்கியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்பது விதி. பலருக்கு அந்த 30 நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கழிந்துவிடுகிறது. நாள் தாண்டியிருந்தாலும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளுடன் போய், தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்காமலேயே இருந்துவிடக் கூடாது. இந்தப் பகுதியைப் படிக்கிற மற்றவர்கள், கை கால் நன்றாக இருக்கும்போதே பாஸ்புக்கை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

வலது கை போனவருக்குக் கையெழுத்தும் போய்விடுகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விழுப்புரத்துக்காரர் நகைக்கடனைத் திருப்பப் போனபோது, இடது கையால் கிறுக்கிய கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். நடந்த விஷயத்தை மனுவாக எழுதி, மருத்துவச் சான்றின் நகலை வைத்து, இடது கையெழுத்தையோ இடது பெருவிரல் ரேகையையோ புதிய மாதிரியாக ஏற்கும்படி வங்கியில் கேட்க வேண்டும். ரேஷன் கடைக்கு இடது கை விரல்களே போதும். பி.எம். கிசான் இ-கேஒய்சி-க்கு முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதியும் இருக்கிறது. இந்தச் சின்னச் சின்ன வேலைகளை அட்டைக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே முடித்துவிடலாம். சும்மா உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல். வாரத்தில் ஒரு நாள், ஒரு வேலை என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பதும் அந்த ஒரு நாளில்தான். முன்பெல்லாம் தினமும் நாலு தரம் மகளை செல்போனில் பார்க்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தவர் அவர்.

அவர் யாரிடமும் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. இல்லாத கையில் விரல்கள் மடங்கி வலிப்பது போலத் தெரியும். சில சமயம் உள்ளங்கை அரிக்கும். புத்தி பேதலித்துவிட்டதோ, இதைச் சொன்னால் அட்டையில் அதையும் எழுதிவிடுவார்களோ என்று மறைத்திருந்தார். உறுப்பு இழந்தவர்களில் மிகப் பலருக்கு இது வரும். மூளையும் நரம்பும் பழைய கணக்கை இன்னும் மறக்காததால் வருவது. பைத்தியம் அல்ல. வலி அதிகமாக இருந்தால் மருந்து உண்டு, பயிற்சி உண்டு. டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாசகியும் தன் கணவரிடம் இதை மெதுவாகக் கேட்டுப் பார்க்கலாம். ராத்திரி எழுந்து உட்காருவதற்கு விண்ணப்பம் மட்டுமே காரணமாக இல்லாமல் இருக்கலாம்.

தூக்கத்துக்காக ஒரு குவார்ட்டர் போடுகிற பழக்கம் இப்படிப்பட்ட நேரத்தில்தான் ஒட்டிக்கொள்கிறது. விடியற்காலையில் அது படபடப்பை இரட்டிப்பாக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். வீட்டிலிருந்தே பேச 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. 2022-ல் தொடங்கியது. இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். கணவர் பேச மறுத்தால் வாசகியே முதலில் பேசலாம், அதற்குத் தடை இல்லை.

அந்த வீட்டம்மா செய்த இன்னொரு வேலையையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் அவர், 'நான் இருந்து என்ன, உங்களுக்கெல்லாம் பாரம்' என்று சொன்னார். அன்று மாலையே கொட்டகைப் பரணில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்கள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். மணிலாவுக்கு மருந்து அடிக்க வேண்டிய நாளில் அண்ணனே கொண்டுவந்து அடித்துவிட்டு மிச்சத்தை எடுத்துப்போனார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அதே ராத்திரி 14416-க்கு அடித்துப் பேசினார்கள். இப்படி ஒரு பேச்சு வீட்டில் காதில் விழுந்தால் அதை வெறும் புலம்பல் என்று விடக் கூடாது. மருந்தை அன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும், ஆளைத் தனியாக விடக் கூடாது.

முகாம் நாளுக்கு வருவோம். ஒரே ஒரு ஆள் துணைக்குப் போனால் போதும். சொந்தபந்தம் நாலு பேர் போனால் ஆளுக்கொரு யோசனை சொல்லிப் பயத்தைக் கூட்டுவார்கள். ஆதார், போட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் ஒரே பையில், அசலும் நகலுமாக. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். விழுப்புரத்துக்காரர் சாப்பிடாமல் போய், பதினோரு மணிக்கு மயக்கம் வந்து பெஞ்சில் படுத்துவிட்டார். மேல்துண்டை எடுத்துக் கையைக் காட்டச் சொல்வார்கள். அவருக்கு அதுதான் ரொம்பக் கூச்சமாக இருந்தது. ஐந்து மாதமாக வீட்டாரைத் தவிர யாருக்கும் அவர் அதைக் காட்டியதில்லை. எலும்பு மருத்துவர் பார்த்தார், எந்த வருஷம் என்று கேட்டார், எழுதினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்தவர், "இதுக்கா?" என்று மனைவியிடம் கேட்டாராம்.

அட்டை உடனே வரவில்லை. வந்தபோது 60 சதவீதம் என்று இருந்தது. உதவித்தொகை மனு, நிலம் இருக்கிறது என்று தள்ளுபடி ஆனது. மறுமனு போட்டிருக்கிறார். அந்த வாரம் மூன்று ராத்திரி தூங்கவில்லை, பிறகு தூங்கினார். உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது.

புல் நறுக்கும் மிஷின் இன்னும் அதே கொட்டகையில்தான் இருக்கிறது. விற்கச் சொன்னார்கள், அவர் விற்கவில்லை. புல் தள்ளும் வாய்க்கு முன்னால் முழ நீளத்துக்குத் தகரத்தில் பெட்டி மாதிரி அடித்துவிட்டிருக்கிறார், கை பிளேடுக்கு எட்டாது. ஈரப்புல் அடைத்துக்கொண்டால் மோட்டாரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, சக்கரம் நின்ற பிறகுதான் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும் என்பது வீட்டில் சட்டம். முழுக்கைச் சட்டையும் வளையலும் போட்டுக்கொண்டு யாரும் பக்கத்தில் வரக் கூடாது. பிளக் இப்போது அவர் இடது கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.