இல்லத்துக் கலை: சொல் இல்லாத பாட்டு

பிள்ளைக்குக் கிதார் வாங்கிக் கொடுத்த பெற்றோர் பலருக்கு ஆறு திங்கள் கழிந்ததும் ஒரு மனக்குறை தோன்றுவது வழக்கம். "அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எதையோ மீட்டியவண்ணம் இருக்கிறான், முழுதாக ஒன்றும் வாசித்துக் கேட்டதில்லை" என்பர். பிள்ளையை வினவினாலோ, "வாசித்தால் அடுத்த வீட்டார் முகம் சுளிக்கிறார்கள், வாசிக்காவிட்டால் எதற்கு வாங்கினாய் என்கிறார்கள்" என்று விடை வரும். இருசாரார் கூற்றும் மெய்யே. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் இரண்டு அறைகளில் ஐவர் வாழும் இல்லங்களில் இசைக்கு இடம் காண்பது எளிதன்று.

இக்குறைக்கு மருந்து ஒன்று உண்டு. பிள்ளை தானே ஒரு சிறு மெட்டை அமைக்கட்டும். அதை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து முடிக்கட்டும். மூன்று நிமிடம் ஒலித்தால் போதும், பாட வேண்டியதில்லை.

வீட்டில் செய்யும் பதிவு சிறுபிள்ளை விளையாட்டு என்று கருதவேண்டா. லெஸ் பால் என்னும் அமெரிக்கக் கிதார்க் கலைஞரின் 'லவர்' என்ற இசைத்தட்டு 1948இல் வெளிவந்தது. அதில் ஒலிக்கும் கிதார்கள் அனைத்தையும் வாசித்தவர் அவர் ஒருவரே. ஹாலிவுட்டில் தம் வீட்டு மோட்டார் கொட்டகையில், ஒரு தட்டில் பதிந்ததை ஒலிக்கவிட்டு, அதனோடு கூட வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொரு தட்டில் பதிந்தார். இவ்வாறே அடுக்கடுக்காக வளர்த்தார். 1979இல் ஜப்பானின் டீயாக் நிறுவனம் கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்றோ அவ்வேலையைச் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி செய்துவிடுகிறது. கணினி இருப்பின் 'ஆடாசிட்டி' போன்ற மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. ஆகவே கருவிக்குக் குறைவில்லை. அரியவை இரண்டே: முடிவு பெற்ற மெட்டு ஒன்று, அமைதியான ஒரு மணி நேரம் மற்றொன்று. முன்னதைப் பிள்ளை தரவேண்டும். பின்னதை வீடு தரவேண்டும்.

முதலில் மெட்டு. பாட்டிலே சொல் இருந்தால், இசை சிறிது தளர்ந்தாலும் பொருள் தாங்கிக்கொள்ளும். சொல் இல்லாத இடத்தில் வடிவம் ஒன்றே துணை. ஸ்பெயின் நாட்டு இசைவாணர் பிரான்சிஸ்கோ தாரேகா கிதாருக்கென்று இயற்றிய 'லாக்ரிமா' என்ற சிற்றுருப்படியைக் கேட்டோர் இதனை உணர்வர். 'கண்ணீர்த்துளி' என்பது அப்பெயரின் பொருள். ஒளி பொருந்திய மேஜர் சுரங்களில் ஒரு பகுதி; நிழல் படிந்த மைனர் சுரங்களில் ஒரு பகுதி; பின்பு முதற்பகுதி மீண்டும் வரும். அவ்வளவே. எனினும் திரும்பி வரும் முதற்பகுதி, முன்பு கேட்டது போல் ஒலிப்பதில்லை. இடையில் கேட்ட நிழல் அதனோடு சேர்ந்துவிடுகிறது. சொல்லுதல், மாறுதல், மீளுதல் என்ற இம்மூன்றே புதிதாய் மெட்டமைப்போருக்குப் போதிய இலக்கணம்.

நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இதனை எளிதாக்கும் வழி கிதாரிலேயே இருக்கிறது. வழக்கமாகச் சுருதி கூட்டிய கிதாரின் ஆறு தந்திகள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பன. 'ஜி'யை ஷட்ஜமாகக் கொண்டு நோக்கினால் இவை முறையே த, ரி, ப, ஸ, க, த ஆகும். அஃதாவது, விரல் ஒன்றும் வைக்காமலே ஆறு தந்திகளும் மோகன ராகத்தின் சுரங்களையே ஒலிக்கின்றன! இதே ஐந்து சுரங்களை வடநாட்டார் பூபாலி, பூப் என்று வழங்குகின்றனர். எனவே முதற்பகுதியை மோகனத்தில் அமைத்து, ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டையிலுள்ள ஷட்ஜத்தை அடிநாதமாக மீட்டலாம். இரண்டாம் பகுதிக்குச் சுரங்களை மாற்றவே வேண்டா. விரலை எடுத்துவிட்டு, ஆறாம் தந்தியை வெறுமனே மீட்டி, அந்தத் தைவதத்தையே புதிய ஷட்ஜமாகக் கொண்டால், அதே ஐந்து சுரங்கள் சுத்த தன்யாசியாக மாறி நிற்கும். நம் இசை நூலார் கிரகபேதம் என்று கூறுவது இதுவே. பின்னர் மோகனத்திற்கே மீண்டால் உருப்படி முடிந்தது.

அடுத்துப் பதிவு. வெறுஞ்சுவர் சூழ்ந்த அறை எதிரொலிக்கும். மெத்தையும் துணிகளும் நிறைந்த படுக்கையறையே ஏற்றது. அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் உள்ளிருக்கும் துணிகள் எதிரொலியைக் குறைக்கும். மின்விசிறியை நிறுத்துக. கைப்பேசியில் அழைப்பு வாராதபடி செய்க. ஒலிவாங்கியைக் கிதாரின் துளைக்கு நேரே வைத்தால் கும்மென்ற ஒலியே மிகும். பன்னிரண்டாம் கட்டைக்கு எதிரே ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் தள்ளி வைத்தால் தந்தியின் நாதம் தெளிவாக விழும். மிக வலுவாக மீட்டும் இடத்திலும் ஒலியளவு காட்டும் கோடு சிவப்பைத் தொடலாகாது. அளவு மீறிச் சிதைந்த ஒலியைப் பின்னர்ச் செப்பனிடுதல் அரிது. ஒவ்வொரு முறை பதியுமுன்னும் சுருதியைச் சரிபார்த்தல் நன்று.

தாளத்துடிப்பை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு முதலில் அடிநாதத்தையும் துணை ஒலிகளையும் முழுதும் வாசிக்க வேண்டும். பிறகு அதைக் கேட்டபடியே இரண்டாம் தடத்தில் மெட்டை வாசிக்க வேண்டும். மூன்று முறை வாசித்தபின் நிறுத்திவிட்டு, மறுநாள் கேட்பதே அறிவுடைமை. சீராக வாசித்தோம் என்று நாம் எண்ணிய இடத்தில் கை விரைந்திருக்கும். கடினமான இடம் நெருங்கியதும் தாளம் ஓடியிருக்கும். ஆசிரியர் பல நாள் சொல்லியும் செவியில் ஏறாதது, தன் வாசிப்பைத் தானே கேட்டபோது ஒரு நாளில் விளங்கும். நாள்தோறும் அரைமணி ஒதுக்கினால் ஒரு திங்களில் இப்பணி முடியும். பள்ளிப் படிப்புக்கும் ஊறு நேராது.

இனி வீட்டார் கடமை. ஞாயிற்றுக்கிழமை உணவுக்குப் பிந்திய பொழுது நல்ல நேரம். குக்கரை முன்னரே இறக்கிவிடலாம். தாத்தா தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் அணைத்து வைக்கலாம். பக்கத்து வீட்டாரிடம் பிள்ளையே சென்று, "இன்று மூன்று மணிக்கு வாசிக்கப் போகிறேன், நான்கு மணிக்கு முடித்துவிடுவேன்" என்று பணிவுடன் சொல்லி வருதல் வேண்டும். முன்கூட்டிச் சொன்ன ஓசையை யாரும் அவ்வளவாக வெறுப்பதில்லை. இத்தனைக்குப் பின்னும் தொலைவில் ரயில் ஓசை கேட்கலாம். புறா ஒன்று குமுறலாம். அதற்காக வருந்தவேண்டா. எந்த ஊரில் வாழ்ந்தபோது அம்மெட்டுப் பிறந்தது என்பதற்கு அவையே சான்று.

இதற்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டுமா என்று கேட்பார் உளர். வேண்டும் என்பதே நம் விடை. வெளிமாநிலத்தில் வளரும் பேரன் கேட்கும் பாட்டின் சொற்கள் பாட்டிக்கு விளங்குவதில்லை. பாட்டி பாடும் பாட்டின் சொற்களோ பேரனுக்குப் பாதிதான் விளங்குகின்றன. தமிழில் பேசத் தயங்கும் பிள்ளை, பாட்டியின் முன் வாய் திறவாமலே எழுந்து போவதையும் நாம் காண்கிறோம். தமிழ் கற்பிக்கும் முயற்சியை இதனால் விட்டுவிடலாம் என்பது கருத்தன்று. அது நாள்தோறும் நடக்கட்டும். ஆயினும் சொல் இல்லாத பாட்டின் முன் அவ்விருவரும் சமம். பேரன் பதிந்ததைக் கேட்ட பாட்டி, "இது மோகனம் அல்லவா!" என்று கூறினால், அவன் வியந்து நிற்பான். எவ்வாறு கண்டுபிடித்தாய் என்று கேட்பான். பல நாள் நின்றுபோன பேச்சு அங்கே தொடங்கக்கூடும்.

பதிவுக்குப் பிள்ளையே ஒரு பெயர் சூட்டட்டும். நாளையும் ஊரையும் குறித்து, இரண்டு படிகள் எடுத்துக் காக்கட்டும். ஒன்றை ஊரிலுள்ள பெரியோர்க்கு அனுப்புக.

அடுத்த திங்கள் இப்பகுதியில், பழைய ஆர்மோனியப் பெட்டியைப் பேணும் முறை பற்றிக் காண்போம்.